தோட்டத்துப் பிள்ளைக்குச் சக்தி கொடுத்தால் எதைக் கழிப்பது?

எழுதுகிற ஒருவர் அனுப்பிய கேள்வி சுருக்கமாக இது. இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பதினைந்திலிருந்து பதினேழு வயது வரை ஐந்து பிள்ளைகள். ஒருத்திக்கு நெருப்பு, ஒருத்திக்கு வேகம், ஒருத்தி கண்ணுக்குத் தெரியாமல் மறைவாள், ஒருவனுக்கு யானைப் பலம், ஒருவன் அடுத்தவர் மனதைப் படிப்பான். இளையோர் நாவலாக மூன்று அத்தியாயம் எழுதியாயிற்று, உச்சக் காட்சியும் யோசித்தாயிற்று. எவ்வளவு நீளம் எழுதலாம் என்றும் தெரிய வேண்டும். ஆனால் ஆட்களின் பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டால் எந்த வெளிநாட்டு நகரத்திலும் நடக்கக்கூடிய கதையாக இருக்கிறது. எங்கே பிழை?

பிழை சக்தியில் இல்லை, கழிவில் இருக்கிறது.

கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். காலை, பகல், அந்தி என்று நாளுக்கு மூன்று நிறுவை. தராசு பதினொன்று காட்டும். புத்தகத்தில் ஒன்பது ஏறும். சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று. மழை நாளில் ஈரக் கழிவு இன்னும் கூடும். தோட்டத்துப் பிள்ளை எண்ணப் பழகிய நாளிலிருந்து பார்க்கிற கணக்கு இது: முதுகில் சுமந்தது ஒன்று, பேரில் விழுவது ஒன்று. உங்கள் மூன்று அத்தியாயத்திலும் சக்தி முழு எடையோடு வந்து விழுகிறது, ஒரு கிலோகூடக் கழிபடவில்லை. அந்த ஊரில் அப்படி எதுவும் வருவதில்லையே.

ஆகவே முதலில் ஐந்து சக்தியையும் தராசில் போடுங்கள். நெருப்புக்காரியில் தொடங்கலாம், அவள் கணக்குத்தான் சுலபம். ஒரு லீட்டர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க ஒரு கிலோகலோரி வேண்டும். ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் நூறு பாகை வரை போகாது, 96 பாகையிலேயே கொதித்துவிடும். ஊற்று நீர் விழும் குழாயான பீலியில் விடியற்காலைத் தண்ணீர் 16 பாகை என்று வைத்தால் 80 பாகை ஏற்ற வேண்டும். ஐந்து லீட்டர்ப் பானைக்கு 400 கிலோகலோரி. நூறு கிராம் கோதுமை மாவில் இருப்பது சுமார் 360. ஒரு பானைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஒரு பெரிய ரொட்டிக்கு மேல் அவள் தின்றாக வேண்டும். அந்த வயதுப் பெண்ணுக்கு நாள் முழுவதற்கும் வேண்டியதே இரண்டாயிரத்துச் சொச்சம்தான்.

ரொட்டியை ஆளுக்கு இத்தனை என்று எண்ணிச் சுடுகிற வீட்டில் இந்தச் சக்தி தம்பியின் தட்டிலிருந்துதான் எடுக்கும். முதலில் கண்டுபிடிப்பது பொலிஸோ விஞ்ஞானியோ அல்ல, அம்மாவின் மாவு டின். "என்னாடி, திங்கக்கிழம வாங்குன மாவு வியாழக்கிழமக்குள்ள முடிஞ்சிருச்சு?" என்று ஒரு வரி போதும். நீங்கள் எழுதிய ஆய்வுகூடக் காட்சி முழுவதையும் அது தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

பலசாலிப் பையனின் கணக்கு இதற்கு நேர் எதிர். ஆயிரம் கிலோ காரை ஒரு மீட்டர் தூக்க 2.3 கிலோகலோரிதான் செலவு. ஒரு கோப்பை, அதாவது 200 மில்லிலீட்டர் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க 16. அந்தக் கோப்பைச் சூட்டில் காரை ஏறக்குறைய ஏழு மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடலாம்! படத்தில் பெரிதாகத் தெரிகிற சக்தி மலிவு, அடுப்படியில் கிடக்கிற சக்திதான் விலை. இந்தத் தலைகீழ் உங்களுக்குக் கிடைத்த கொடை.

பலத்துக்குக் கழிவு உடம்பில் இல்லை, காலடியில் இருக்கிறது. இரண்டு பாதமும் சேர்ந்து நிலத்தில் பதியும் பரப்பு முந்நூறு சதுர சென்டிமீட்டர் அளவு. ஐம்பது கிலோப் பையன் ஆயிரம் கிலோவைத் தூக்கினால் நிலத்தை அமுக்குவது இருபத்தொரு மடங்காகும். கற்பாறையில் நிற்கலாம். மழையில் ஊறிய தோட்டத்து மண் பாதையில் முழங்கால் வரை புதைவான். தூக்கப்படுகிற பொருளும் சும்மா இருக்காது: வேனை முன்பம்பரில் பிடித்துத் தூக்கினால் பம்பர் மட்டும் கையோடு வரும். இந்த வகைக் கதைகளில் பெரும்பாலானவர் விடும் பிழை இதுதான். தூக்குகிறவனைப் பற்றி யோசிப்பார்கள், நிலத்தையும் பொருளையும் மறந்துவிடுவார்கள்.

என்றாலும் அவனுடைய பலத்தைப் பிடுங்கிவிடச் சொல்வேன். பையன் இருக்கட்டும். ஏன் என்பது பின்னால் வருகிறது.

வேகக்காரிதான் இந்த நாவலின் உயிர். நீங்கள் அவளை ஹட்டன் நிலையத்தில் ரயிலோடு போட்டிக்கு ஓட விட்டிருக்கிறீர்கள். ஓட்டத்தை விட்டுவிட்டு விரலைப் பாருங்கள். ஒருத்தி ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய அளவு 18 கிலோ என்று வையுங்கள். தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் இது மாறும். இரண்டு இலை ஒரு மொட்டு ஒரு கிராம் என்றே கணக்கிட்டாலும் பதினெட்டாயிரம் கொழுந்து. எட்டு மணித்தியாலத்தில் 28,800 செக்கன். இரண்டு செக்கனுக்குள் ஒன்று, அதுவும் சரிவில் நின்று, கூடையைச் சுமந்து, நடுவில் அட்டையைப் பிடுங்கி எறிந்துகொண்டு. சக்தி இல்லாத அம்மாவே இதைச் செய்கிறாள். மகளுக்கு மூன்று மடங்கு வேகம் கிடைத்தால் என்ன நடக்கும்?

முதல் வாரம் சந்தோஷம். நிறை குறைந்தால் விழும் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், இனி இல்லை, மேலதிகக் கிலோவுக்குக் காசு, ஞாயிறு வேலைக்குக் கைக்காசு வேறு. இரண்டாம் வாரம் தேயிலைச் செடி கையை விரிக்கும். பறித்த இடத்தில் மறுபடி கொழுந்து எழ ஏழிலிருந்து பத்து நாள் வேண்டும். மலை ஒரே நாளில் முடிந்துவிட்டால் மற்றப் பெண்களுக்கு நாளைக்கு எங்கே வேலை? பறித்ததை இறுக்கி அடைத்தால் கொழுந்து உள்ளுக்குள் சூடாகிச் சிவந்துபோகும். தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் வாட்டும் தட்டில் ஒரு தொகை பன்னிரண்டு முதல் பதினெட்டு மணித்தியாலம் கிடக்க வேண்டும். தட்டு நிறைந்துவிட்டால் மிச்சத்தைக் கொட்ட இடமில்லை, அங்கே தேயிலை ஆக்குவதைப் பார்க்கிற டீமேக்கர் கத்துவார். மூன்றாம் வாரம் வருவதுதான் உண்மையான அடி. "அந்தப் புள்ளையால முடியுதுன்னா ஒங்களால ஏன் முடியாது?" என்று, காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் எடுக்கிற பிரட்டில் ஒரு குரல். அளவு 18இலிருந்து 22 ஆகிறது. அவளுடைய சக்தியின் கழிவு அவள் பேரில் விழவில்லை, பக்கத்து நிரையில் நிற்கிற அத்தையின் பேரில் விழுகிறது. ஒரு பெண் தன் வேகத்தை வேண்டுமென்றே அடக்கி, அம்மாவைவிட அரைக் கிலோ குறைவாக நிறுத்துக் கொடுக்கிற காட்சியை எழுத முடிந்தால், அதற்குப் பிறகு வானத்தில் சண்டை எதற்கு?

ஒரு எச்சரிக்கை. இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 16. பதினைந்து வயதுப் பிள்ளையைச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் காட்டாதீர்கள். வேகக்காரியைப் பதினேழு ஆக்கி, சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறவளாக வையுங்கள். மலையகத்தில் ஒரு பிள்ளையின் வாழ்க்கை எந்தப் பக்கம் சாயும் என்பது பெரும்பாலும் அந்தச் சில மாதத்தில்தான் முடிவாகிறது: உயர்தரமா, கொழும்பில் கடை வேலையா, ஆடைத் தொழிற்சாலையா. இளையோர் நாவலுக்கு இதைவிட நல்ல காலம் தேடினாலும் கிடைக்காது.

மறைகிறவளுக்கு உடல் ரீதியான கழிவு ஒன்று, ஊர் போடுகிற கழிவு மூன்று. கண் பார்க்க வேண்டுமானால் ஒளி விழித்திரையில் விழுந்து தங்க வேண்டும். ஒளி அவளை முழுதாக ஊடுருவிப் போனால் அவளுக்குப் பார்வை இருக்காது. மறைந்திருக்கிற நேரமெல்லாம் குருடு. இதை நேர்மையாக வைத்துக்கொண்டால் உங்களுக்குத்தான் லாபம். அவள் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பிலிருந்து பீலிக்கு எத்தனை எட்டு, பீலியிலிருந்து மருந்துச்சாலைப் படிக்கு எத்தனை எட்டு என்று முன்கூட்டியே எண்ணி வைத்திருப்பாள். அந்த எண்கள் கதையில் திரும்பத் திரும்ப வரலாம், ஓரிடத்தில் பிழைக்கலாம். அடுத்து மழை: துளி அவள் தோளில் பட்டுத் தெறிக்கும், பார்க்கிறவன் கண்ணுக்கு மழைக்குள் ஒரு ஓட்டை நடந்து போகும். சேறு: கால் தடம். மூன்றாவது அட்டை. அதற்குக் கண் முக்கியமில்லை. அதிர்வு, உடல் சூடு, மூச்சு போதும். கண்ணுக்குத் தெரியாத கணுக்காலில் ஒரு அட்டை இரத்தம் குடித்து ஊதி, அந்தரத்தில் தொங்குகிறது. இந்த ஒரு படம் கையில் இருந்தால் வேறு வர்ணனை வேண்டியதில்லை.

ஆனால் அவளை வைத்துச் சொல்லக்கூடிய பெரிய விஷயம் வேறு. பதினைந்து வயது நிறைந்ததும் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்குப் புகைப்படம் வேண்டும். பதற்றம் வந்தால் தன்னையறியாமல் மறைகிற பிள்ளை கமராவுக்கு முன்னால் உட்காருகிறாள். அவளுடைய அம்மாயி 1956இல் பிறந்தவள் என்று வையுங்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தபோது எட்டு வயது. அண்ணன்மார் தலைமன்னாரில் கப்பலேறிப் போனதைப் பார்த்தவள். மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த 1988, 2003 சட்டங்கள் வரும்வரை காத்திருப்பு. அவளுடைய டிரங்குப் பெட்டியில் பழுப்பேறிய கடுதாசிகள் இருக்கும். பேத்தி மறைவதைப் பார்த்து அந்தக் கிழவி மட்டும் ஆச்சரியப்படாமல் இருக்கட்டும். அதோடு விட்டுவிடுங்கள். "நாமெல்லாம் மறைக்கப்பட்டவர்கள்" என்று யாரையாவது பேச வைத்தால் காட்சி செத்துப்போகும். பதினைந்து வயது வாசகருக்குக் கோடு போட்டுக் காட்டத் தேவையில்லை.

மனதைப் படிக்கிறவனை எடுத்துவிடுங்கள். எல்லாருடைய எண்ணமும் தெரிந்தவன் இருக்கிற கதையில் இரகசியம் நிற்காது, இரகசியம் நிற்காவிட்டால் மூன்றாம் அத்தியாயத்திலேயே கதை முடிந்துவிடும். தவிர, பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையான காம்பராவில், கூரைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருக்கிற வரிசை வீடுகளான லயத்தில், பக்கத்து வீட்டுச் சண்டை, இருமல், அழுகை எல்லாம் எல்லாருக்கும் ஏற்கெனவே கேட்கிறது. அங்கே அபூர்வமான சக்தி அடுத்தவர் மனதை அறிவது அல்ல, தன் மனதை ஒளித்து வைப்பது.

மிஞ்சுவது மூன்று சக்தி, நான்கு பிள்ளைகள். ஒவ்வொரு சக்திக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதி மேசைக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளுங்கள். நெருப்புக்காரிக்குத் தர்ஷினி என்று பெயர் வைத்தால் சீட்டு இப்படி இருக்கும்:

தர்ஷினி, தரம் 11. கையால் தொட்டதை மட்டும் சூடாக்குவாள்; தூரத்திலிருந்து முடியாது. ஒரே தடவையில் ஐந்து லீட்டர்தான் எல்லை, அதற்கு மேல் கை நடுங்கி மயக்கம் வரும். ஈர விறகு பற்றாது, முதலில் ஈரம் ஆவியாக வேண்டும், அதற்கே பாதி பலம் போய்விடும். அடையாளம்: உள்ளங்கை சிவக்கும், பேனா பிடிக்கும் இடத்தில் தோல் உரியும். தின்னாமல் செய்தால் மறுநாள் எழும்ப மாட்டாள். மாதவிலக்கு நாளில் கூடுமா குறையுமா என்பதை எழுதத் தொடங்க முன் முடிவு செய்ய வேண்டும்.

கடைசி வரியைப் பலர் தவிர்ப்பார்கள். பதினாறு வயதுப் பெண்ணின் உடம்பைப் பற்றிய கதையில் அதைத் தவிர்க்க முடியாது. வாசிக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி முதல் பக்கத்திலேயே வந்துவிடும். சீட்டில் எழுதிய எல்லையை முப்பதாம் அத்தியாயத்தில் வசதிக்காக மீறாதீர்கள். "கோபம் வந்ததால் பலம் பத்து மடங்கானது" என்பது இந்த வகைக் கதையில் ஆகப் பழைய ஏமாற்று.

அடுத்தது இரகசியம். முகமூடியும் மாற்றுடையும் நகரத்துக் கதைக்குச் சரி, அங்கே அடுத்த வீட்டில் யார் இருக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. இருபது காம்பரா இரட்டை லயத்தில் அந்த உடுப்பை எங்கே ஒளிப்பாள்? துவைத்தால் எந்தக் கொடியில் காயப் போடுவாள்? நடை பார்த்து, இருமல் கேட்டு, செருப்புத் தேய்வை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே இங்கே இரகசியம் முகத்தை மூடிக் காப்பாற்றப்படுவதல்ல. ஊரே தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்து காப்பாற்றுவது. யாருக்குத் தெரியக்கூடாது என்றால் தோட்ட நிர்வாகியின் பங்களாவுக்கும் வெளியாட்களுக்கும். லயமே கூட்டாகப் பொய் சொல்கிற ஒரு காட்சியை வையுங்கள். அதை உடைக்கக்கூடிய ஒரே சாமான் கைத்தொலைபேசி. பத்து செக்கன் வீடியோ வட்ஸ்அப்பில் ஏறிவிட்டால் மத்திய கிழக்கில் வேலை செய்கிற சித்தி வரைக்கும் பத்து நிமிடத்தில் போய்ச் சேரும். சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கும், எந்தப் பள்ளத்தில் கிடைக்காது என்று உங்கள் தோட்டத்துக்கு ஒரு வரைபடம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கை கொடுக்கும்.

பிள்ளைகள் கூடிப் பேச ஒதுக்கிடம் வேண்டுமென்றால் பாழடைந்த பங்களாவை விடுங்கள், அது ஓய்ந்துபோன சங்கதி. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கும் காலத்தில், மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் இடிபாடுகள் மேலே தெரியும். நீர் ஏறினால் அந்த இடம் இல்லை. வருடத்தில் சில காலம் மட்டும் இருக்கிற சந்திப்பிடம் கதைக்கே ஒரு கடிகாரம்.

சக்தி எங்கிருந்து வந்தது என்பதற்குக் கதிர்வீச்சு, விண்கல் என்று தேடி அலைய வேண்டாம். ஊர் என்ன சொல்லும் என்பதை மட்டும் எழுதுங்கள். முதலில் காட்டேறி என்பார்கள். பூசாரி, திருநீறு, கறுப்புக் கயிறு. பிறகு மருந்துச்சாலை, காய்ச்சல் மாத்திரை. ஸ்டோர்காரர் ஒருவர் ரோதமுனியின் பெயரை இழுப்பார். இயந்திரச் சில்லுக்கே ஒரு முனியை வைத்துக் கும்பிடுகிற மக்கள், பிள்ளையின் கைச்சூட்டுக்கு ஒரு காரணம் சொல்லாமல் விடுவார்களா?

இதில் உங்களுக்கு ஒரு பொன்னான காட்சி கிடக்கிறது: மாசி மாதக் காமன் கூத்து. ரதி மதன் கல்யாணம் முடிந்து, சிவனின் நெற்றிக்கண்ணால் மதன் எரிகிற இரவு. தப்புப் பறை உச்சத்தில், கூட்டம் நெருக்கத்தில், தர்ஷினி கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். பின்னாலிருந்து தள்ளியதில் கை காமன் கம்பத்தில் படுகிறது. சுற்றிக் கட்டிய காய்ந்த வைக்கோல் குப்பென்று பிடிக்கிறது. எல்லாரும் அருள் என்கிறார்கள், ஒருவரும் சந்தேகப்படவில்லை! ஒரு சக்தி முதல் தடவை வெளிப்பட, யாருமே கேள்வி கேட்காத ஒரே இடம் அதுதான். சிக்கல் மறுநாள் தொடங்குகிறது. அவள் கை பட்டதைப் பார்த்த ஒரு கிழவி வாசலில் வந்து கும்பிடுகிறாள். பிசாசு என்று விரட்டினால் எதிர்த்து நிற்கலாம், சாமி என்று கும்பிட்டால் என்ன செய்வது? கணக்குப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளையிடம் குறி கேட்க வரிசை நிற்கிறது. கூத்து கதையில் வருமானால் நேரம் பிழைக்கக் கூடாது: தர்ஷினியின் பரீட்சை, மாசி மாதம், சிவனொளிபாத யாத்திரைக் காலம், மழைக்காலம் எல்லாவற்றையும் ஒரு நாட்காட்டியில் குறித்து வைத்துவிட்டு அத்தியாயம் பிரியுங்கள். மேற்குச் சரிவில் பெருமழை மே மாதக் கடைசியில் தொடங்கும். கதையைப் பதுளைப் பக்கம் நகர்த்தினால் யூலை, ஓகஸ்ட்டில் அங்கே காய்ந்த காற்று, மழை வருடக் கடைசியில். இரண்டையும் குழப்பினால் மலையகத்து வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

பேச்சு. உங்கள் பிள்ளைகள் "நீர் என்ன கதைக்கிறீர்" என்று பேசுகிறார்கள். அது யாழ்ப்பாணத்து மேடை நாடகப் பேச்சு. தோட்டத்து வீட்டில் "என்னா பேசுற", "வாங்கம்மா", "அப்பாயி எங்க", "ஏலாதுண்ணே". பாடசாலையில் சேருக்கு முன்னால் கொஞ்சம் எழுத்துத் தமிழ் கலக்கும், நண்பர்களுக்குள் சிங்களச் சொல் இரண்டு மூன்று விழும். பொலிஸ் நிலையத்தில் முழுதாகச் சிங்களம். ஒரே பிள்ளை மூன்று இடத்தில் மூன்று விதமாகப் பேசுவதைக் காட்டினாலே பாதி வேலை முடிந்தது. தோட்டத்துக்கும் இரண்டு பெயர் இருக்கட்டும்: பெயர்ப்பலகையில் துரைமார் வைத்தது, ஆட்கள் வாயில் இருப்பது. தோட்டத்தின் பெயரைக் கற்பனையாக வையுங்கள், டவுன் நிஜமாக இருக்கட்டும்.

வில்லன் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சாட்டையோடு குதிரையில் வருகிற வெள்ளைக்காரத் துரை பழைய நூற்றாண்டு. தோட்டங்கள் 1970களில் அரசுடமையாகி, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போய்விட்டன. தோட்டத்தை நிர்வகிக்கிற இன்றைய துரைக்கு முப்பது வயதிருக்கும், மேலிடத்திலிருந்து வருகிற கிலோ இலக்குக்கு அவனும் பயந்தவன். ஒரு இலக்கத்தை வில்லனாக்குங்கள், அந்த 22 கிலோ போதும். எந்த ஆண்டில் கதை நடக்கிறது என்பதையும் தீர்மானியுங்கள்: நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350. 2022 என்றால் எரிபொருள் வரிசையும் மா விலையும் தானாக வந்து நிற்கும், தர்ஷினியின் ரொட்டிக் கணக்கு இன்னும் கடுமையாகும். நான் 2022ஐத்தான் எடுப்பேன்.

உச்சக் காட்சிக்கு நீங்கள் யோசித்து வைத்திருப்பது மண்சரிவு. ஐவரும் கைகோத்து மலையைத் தடுத்து நிறுத்துகிறார்கள். நூறு மீட்டர் நீளம், ஐம்பது மீட்டர் அகலம், மூன்று மீட்டர் ஆழம் சரிந்தால் பதினைந்தாயிரம் கன மீட்டர் மண். ஈர மண் கன மீட்டருக்கு 1.8 தொன் என்றால் இருபத்தேழாயிரம் தொன். யானைப் பலம் அதில் ஒரு தூசு. இன்னொன்றும் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின, ஆட்கள் மாண்டார்கள். அதற்குப் பிறகும் மலை பல தடவை சரிந்திருக்கிறது. பிள்ளைகளை இழந்தவர்கள் வாசிக்கிற மொழியில், சக்தியுள்ள பிள்ளை இருந்திருந்தால் தடுத்திருக்கலாம் என்ற அர்த்தம் வருகிற ஒரு காட்சியை எழுதுவது அநியாயம். நிஜமாகச் சரிந்த ஊரின் பெயரையும் தொடாதீர்கள்.

மண் சரியட்டும், பிள்ளைகள் அதற்கு முன் ஆட்களை வெளியே எடுக்கட்டும். இங்கேதான் துல்லியம் வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கைக் கணக்கில் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை விழிப்பு நிலை, 100 எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேற வேண்டும். ஒரு மணித்தியாலத்தில் 75 விழுந்தாலும் வெளியேற வேண்டும். அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. மேலும் கீழும் ஒரே அகலமுள்ள பால்மா டின்னைத் திறந்தவெளியில், மரத்தடியும் கூரை ஓரமும் இல்லாத இடத்தில் வைத்து, கணித உபகரணப் பெட்டியின் அடிமட்டத்தை நிறுத்தினால் நீரின் உயரமே மழை அளவு. அடிமட்டத்தின் நுனியில் பூச்சியத்துக்கு முன்னால் விட்டிருக்கும் இடைவெளியைச் சேர்க்க மறக்கிற பிள்ளை ஐந்து மில்லிமீட்டர் குறைத்து வாசிப்பாள். அந்த ஐந்து மில்லிமீட்டரில் ஒரு அத்தியாயம் இருக்கிறது. மற்ற அறிகுறிகள்: சுவரிலும் நிலத்திலும் புது வெடிப்பு, கதவு திடீரென்று நிலையில் இறுகுவது, மரம் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று, பீலித் தண்ணீர் கலங்குவது அல்லது சட்டென்று நிற்பது. இருட்டில் பீலிக்கு எட்டு எண்ணிப் போகிறவள் மறைகிற பிள்ளை. கண் இல்லாமல் காதால் பழகியவள். தண்ணீர்ச் சத்தம் நின்றதை முதலில் உணர்வது அவளாக இருக்கட்டும். வேகக்காரி மேட்டு லயத்துக்கு ஓடட்டும். தர்ஷினி, வெளியே வந்து நனைந்து விறைக்கிற குழந்தைகளுக்குத் தண்ணீர் சுடவைக்கட்டும். மலை சரிகிற இரவில் அவளுடைய பெரிய வேலை அதுதான், அதற்கு அவள் இரண்டு நாள் ரொட்டியை முன்கூட்டியே தின்றிருக்க வேண்டும்.

ஆனால் இரவு இரண்டு மணிக்கு நாற்பது குடும்பத்தைக் கதவு திறக்க வைப்பது யார்? சிக்னல் இல்லை, மின்சாரம் இல்லை, பிள்ளைகள் கத்தினால் மழையில் கேட்காது. இதற்காகத்தான் அந்தப் பையனின் பலத்தைப் பிடுங்கச் சொன்னேன். அவனுடைய தாத்தா ஒரு காலத்தில் பிரட்டுக்குத் தப்படித்தவர். தோட்டத்தில் தப்பை யார் அடிப்பது என்பதில் சாதிக் கணக்கு உண்டு; "நீயும் அதத்தானடா அடிப்ப" என்று பாடசாலையில் யாரோ சொன்னதிலிருந்து அவன் அதைத் தொடுவதே இல்லை. முதல் அத்தியாயத்திலேயே அந்தத் தப்பை ஆணியில் மாட்டிவிடுங்கள், நடுவில் இரண்டு தடவைக்கு மேல் காட்டாதீர்கள். இன்னொரு தொழில் நுணுக்கம்: ஈரத்தில் தோல் தளர்ந்துவிட்ட தப்பு ஒலிக்காது, நெருப்பில் காட்டி முறுக்கேற்ற வேண்டும். அந்த மழையில் நெருப்பு யாரிடம் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். தோலை அதிகம் சூடாக்கினால் வெடித்துவிடும், மெல்ல, வட்டமாக, விளிம்பிலிருந்து.

நீளம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தமிழில் ஒரு சொல்லே பல வேளை ஒரு வாக்கியத்தின் பாரத்தைச் சுமக்கும். ஆங்கிலக் கணக்கைப் பார்த்து எழுபதாயிரம் சொல் எழுதினால் இளையோர் கைவிட்டுவிடுவார்கள். 1,500 சொல்லில் முப்பது அத்தியாயம், நாற்பத்தையாயிரம் போதும். பயிற்சி எடுக்கிற அத்தியாயம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். இப்போதுள்ள மூன்றில் முதலாவதையும் மூன்றாவதையும் எடுத்துவிட்டு, இரண்டாவதில் அம்மா நிறுவைக்கு வரிசையில் நிற்கிறாளே, அந்தப் பந்தியிலிருந்து தொடங்குங்கள். தராசு என்ன காட்டியது, புத்தகத்தில் என்ன ஏறியது என்ற இரண்டு இலக்கமும் முதல் பக்கத்திலேயே வந்துவிட வேண்டும்.